பூக்குழிப் பொறுப்பு

சுவா, ஃபிஜி

அன்புள்ள செல்வம்,

நீயும் மருமகளும் பிள்ளைகளும் சுகம்தானே? ஆக்லாந்தில் குளிர் கடுமையாக இருக்கும். சின்னவளுக்கு நெஞ்சில் சளி கட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆடித் திருவிழாவுக்கு நீ வருவது உறுதி என்றதும் கோயில் கூட்டத்தில் எல்லோரும் ஒரே மனதாகச் சொன்னார்கள், இந்த வருஷம் பூக்குழிப் பொறுப்பு உனக்கு என்று. தீ மிதிக்கிற அத்தனை பேர் காலும் உன் கையில் இருக்கிறது. அதனால்தான் போனில் சொல்லாமல் எழுதி அனுப்புகிறேன். இதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்.

முதலில் விறகு. குழி பன்னிரண்டு அடி நீளம், ஐந்து அடி அகலம். அதற்கு ஒரு டன் காய்ந்த விறகுக்குக் குறையக் கூடாது. அத்தனையும் எரிந்து கடைசியில் நிற்பது இரண்டு மூன்று அங்குலக் கங்குதான். மணிக்கட்டுப் பருமனிலிருந்து முழங்கைப் பருமன் வரை இருந்தால் போதும். அதைவிடத் தடித்த கட்டை வெளியே கங்காகி உள்ளே பச்சையாக நிற்கும். ஆள் நடக்கும் நேரத்தில் பார்த்துப் பற்றி எரியும். இரண்டு துண்டை எடுத்துத் தட்டிப் பார். கணீரென்று கேட்டால் காய்ந்தது, மொத்தென்று கேட்டால் ஈரம். வெட்டு முகத்தில் வெடிப்பு ஓடியிருக்க வேண்டும், பட்டை கையோடு உரிந்து வர வேண்டும். மா, கொய்யா போல உறுதியான மரம் நல்லது. பைன் வேண்டாம், பிசின் இருப்பதால் வெடித்துத் தெறிக்கும். கடற்கரையில் ஒதுங்கிய கட்டையும் வேண்டாம்.

வீடு கட்டி மிச்சமான பலகையை யாராவது நல்ல மனதோடு லாரியில் கொண்டுவந்து இறக்குவார்கள். மரியாதையாகத் திருப்பி அனுப்பிவிடு. கறையான் அரிக்காமல் இருக்க மருந்து ஏற்றிய பைன் அதில் கலந்திருக்கும், லேசான பச்சை நிறம் தெரியும். அந்த மருந்தில் ஆர்சனிக் உண்டு. எரித்தால் புகையிலும் இருக்கும், சாம்பலிலும் இருக்கும். நம் ஜனங்கள் அந்தச் சாம்பலை அள்ளி நெற்றியில் பூசிக்கொள்கிறவர்கள். இந்த ஒரு விஷயத்தில் யார் முகத்துக்காகவும் விட்டுக்கொடுக்காதே. ஆணி இருப்பது இன்னொரு தொல்லை. மரம் எரிந்துபோகும், ஆணி கங்குக்குள் பழுத்துக் கிடக்கும். பழைய ஸ்பீக்கரின் காந்தத்தைக் கயிற்றில் கட்டி, குழி வெட்டியதும் ஒருமுறை, மறுநாள் சாம்பல் அள்ளும்போது ஒருமுறை இழுத்துப் பார்.

குழியின் தரையில் ஒரு கல்லும் இருக்கக் கூடாது. ஆற்றுக் கூழாங்கல்லுக்குள் ஈரம் நிற்கும், சூடேறினால் வெடிக்கும். வெடிக்காத கல்லும் ஆபத்துதான், கங்கைவிட வேகமாகக் காலில் சூட்டை இறக்கும்.

சாயங்காலம் நாலரைக்கு ஊர்வலம் வந்து சேரும். பகல் பதினொன்றரைக்கே பற்ற வைத்துவிடு. விறகைக் குறுக்கும் நெடுக்குமாக, காற்றுப் புக இடைவெளி விட்டு அடுக்கு. அடியில் காய்ந்த தென்னோலையும் மட்டையும் வை. பூசாரி ஐயா கற்பூரம் ஏற்றிக் கொடுப்பார். மண்ணெண்ணெய் ஒரு சொட்டும் கூடாது. மண்ணில் ஊறிக் கடைசி வரை ஆங்காங்கே தீ நாக்கு நீட்டும். பெட்ரோலின் ஆவி குப்பென்று பற்றும், ஆள் முகத்தையே எடுத்துவிடும்.

மூன்று மணிக்கு வாரத் தொடங்கு. வாரியின் கைப்பிடி பத்தடிப் பச்சை மூங்கிலாக இருக்கட்டும். இரும்புக் குழாய் கொஞ்ச நேரத்தில் கையில் பிடிக்க முடியாதபடி சுட்டுவிடும். எரியாத கட்டை எதுவானாலும் வெளியே இழுத்துப் போடு, தயங்காதே. அப்புறம் குனிந்து பக்கவாட்டில் பார். பட்டப்பகலில் கங்கின் சிவப்புத் தெரியாது, சாம்பல் போர்த்திக்கொண்டு அணைந்ததுபோல் கிடக்கும். கங்கின் மேல் சின்னச் சின்ன நீல நாக்குகள் ஓடினால் இன்னும் நேரமாகவில்லை. நீலம் அடங்கி, விசிறினால் மட்டும் சிவந்து, விசிறலை நிறுத்தினால் மறுபடி வெள்ளைச் சாம்பல் மூடுகிறதே, அதுதான் பதம். அந்தச் சாம்பலை ஊதித் தள்ளிவிடாதே. அம்மாளின் அருளோடு காலைக் காப்பது அந்த மெல்லிய போர்வைதான்.

பிள்ளைகள் உன்னிடம் கேட்பார்கள், கால் ஏன் வேகவில்லை என்று. மழுப்பாமல் சொல். கங்கு ரொம்ப இலேசான பொருள். அதற்குள் இருக்கும் சூடு காலுக்கு மெதுவாகத்தான் வந்து சேரும், சாம்பல் அதை இன்னும் தாமதப்படுத்தும், பாதம் ஓரிடத்தில் நிற்பது அரை விநாடிகூட இல்லை. அதே சூட்டில் இரும்புத் தகடு இருந்தால் முதல் அடியிலேயே தோல் ஒட்டிக்கொள்ளும். இதைச் சொன்னால் பக்தி குறைந்துவிடும் என்று பயப்பட வேண்டாம். விரதம் இருந்து மனம் அடங்கியவன்தான் பதறாமல், நிற்காமல், ஓடாமல் நடக்கிறான்.

வாரியபின் பச்சை மூங்கிலால் தட்டிச் சமன் செய். கங்கு இறுகி, இரண்டு அங்குலத்துக்கு மேல் போகாமல் இருக்க வேண்டும். தளர்வாகக் குவிந்திருந்தால் கால் கணுக்கால் வரை புதையும். உள்ளங்கால் தாங்கும், புறங்கால் தாங்காது, அங்கே தோல் மெல்லிசு. கொப்புளங்கள் விரலிடுக்கிலும் புறங்காலிலும் வருவது இதனால்தான். ஓடுகிறவர்களுக்கும் இதே கதி, விரலை ஊன்றித் தள்ளுவதால் கங்கு விரலிடுக்கில் ஏறிவிடும்.

சுவா மழையை நம்பாதே. காய்ந்த மாசங்கள் என்பது மேற்கே நண்டி, லவுதோகா பக்கத்துக்குத்தான் பொருந்தும். நம் பக்கம் ஆடியிலும் தூறும். அடுக்கிய விறகுக்கு மேல் தகரத்தைச் சாய்த்து வை. பிளாஸ்டிக் தார்ப்பாய் குழிப் பக்கமே வரக் கூடாது. எரிந்து முடிந்தபின் மழை கொட்டினால் கங்கு நனைந்து கட்டி கட்டியாகிக் காலில் அப்பும். அப்போது கூட்டத்தைக் காக்க வைத்து, மேல் கங்கை வாரி எடுத்துவிட்டு, தனியாக எரித்து வைத்திருக்கும் கங்கைப் பரப்ப வேண்டும். ஆகவே பக்கத்தில் இன்னொரு சின்னக் குவியல் எரிந்துகொண்டே இருக்கட்டும். காற்று தென்கிழக்கிலிருந்து அடிக்கும். கூட்டத்தைத் தென்கிழக்குப் பக்கம் நிறுத்து. வடமேற்கில் நிற்பவர்கள் கண் திறக்க முடியாது.

காப்புக் கட்டி பத்து நாள். மஞ்சள் கயிறு ஏறிய அன்றிலிருந்து கவுச்சி, மது இல்லை, தரையில்தான் படுக்கை. கிரோக், அதாவது யங்கோனா வேரை இடித்துக் கரைக்கிற பானமும் வேண்டாம். யங்கோனா மது இல்லையே என்று உன் சிநேகிதர்கள் சொல்வார்கள். உண்மைதான், ஆனால் அது உடம்பைத் தளர்த்தும், கையை மந்தமாக்கும். குழியடியில் நிற்பவனுக்கு அது ஆகாது.

மிதிக்க வருபவர்களைக் கடற்கரையில் நீராடப் போகுமுன்பே ஒவ்வொருவராகப் பார். கொலுசு, மெட்டி எல்லாம் கழற்ற வேண்டும். பாலியெஸ்டர் உடை கூடாது, மஞ்சளில் நனைத்த பருத்திதான், அதுவும் முழங்காலுக்கு மேல் இழுத்துச் செருகியிருக்க வேண்டும். காலில் எண்ணெயோ கிரீமோ தடவியிருக்கக் கூடாது. சர்க்கரை வியாதி உண்டா என்று வெட்கப்படாமல் கேள். இந்தத் தீவில் அது வீட்டுக்கு வீடு இருக்கிறது. நரம்பு மரத்த காலுக்குச் சுடுவது தெரியாது. இரண்டு நாள் கழித்துப் புண்ணைப் பார்த்த பிறகுதான் தெரியும். அவர்கள் பால்குடம் எடுக்கட்டும். அலகு குத்தியவர்களுக்குப் பூசாரி ஐயாவின் ஆட்கள் துணைக்கு நிற்பார்கள்.

கரகம் முதலில் இறங்கும். அதன் பின்னே ஒருவர் கரையேறிய பிறகே அடுத்தவர். மேளமும் உடுக்கையும் ஏறும்போது பின்னால் நிற்பவர்கள் நெருக்குவார்கள், அங்கே பலமான இரண்டு பேரை நிறுத்து. கரையேறினால் பால் ஊற்றிய குழியில் கால் வைப்பார்கள். அருள் வந்த வேகத்தில் சிலர் மறுபடி மிதிக்கத் திரும்புவார்கள், விடாதே. நனைந்த காலில் கங்கு ஒட்டிக்கொண்டு வரும். யாருக்காவது சுட்டுவிட்டால் ஓடும் தண்ணீரில் இருபது நிமிஷம் காலைக் காட்டச் சொல். பற்பசை, மஞ்சள், சாம்பல் எதையும் கொப்புளத்தில் அப்ப விடாதே.

பிள்ளைகளைப் பெங்காத் தீவுக்கும் கூட்டிப் போகலாம் என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். ஊர்ப் பெயரில் (Beqa) க்யூ என்று எழுதி ங்க என்று படிப்பதைச் சொல்லிக்கொடு. அங்கே சவாவு மக்கள் நடப்பது கல்லின்மேல். பல மணி நேரம் விறகெரித்துப் பழுக்கவைத்த கற்கள். எரியும் கட்டைகளைக் கொடியால் கட்டி இழுத்து அகற்றிவிட்டுக் கற்களைச் சமன் செய்து நடப்பார்கள். மீனென்று நினைத்துத் தான் பிடித்த ஆவியை விட்டுவிட்டதற்காக அவர்கள் முன்னோர் துயினவிங்கலிதாவுக்கு அந்த வரம் கிடைத்தது என்பது கதை. நடக்குமுன் பெண்களை விட்டு விலகியிருக்கிறார்கள், தேங்காய் தின்பதில்லை. நம் விரதத்தை அவர்களுக்கு விளக்கவே வேண்டாம், ஒரு சொல்லில் புரிந்துகொள்வார்கள். கிராமத்துக்குப் போகும்போது அரைக் கிலோ யங்கோனா வேரைக் கட்டி எடுத்துப் போ, கையில் கொடுக்காமல் பெரியவர் முன்னால் தரையில் வை. தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் கழற்றிவிடு. யங்கோனா ஊற்றிய சிரட்டை உன்னிடம் வந்தால் ஒருமுறை கை தட்டி, ஒரே மூச்சில் குடித்து, பிறகு மூன்று முறை தட்டு. யார் தலையையும் தொடாதே, சின்னப் பிள்ளை தலையைக்கூட.

ஆகஸ்டில் ஹைபிஸ்கஸ் திருவிழாவும் வரும். 1956-லிருந்து நடப்பது, பிள்ளைகளுக்கு ராட்டினம் பிடிக்கும். அந்த நாட்களில் நகருக்குள் கார் நகராது, பஸ்ஸில் போங்கள்.

பேசுவது இந்தி, அம்மன் பாட்டு மட்டும் ஏன் தமிழில் என்று பெரியவன் கேட்டானாம். 1879-ல் முதல் கூலிக் கப்பல் கல்கத்தாவிலிருந்து வந்தது, 1903-லிருந்துதான் மதராஸிலிருந்து நம்மவர்கள் வந்தார்கள், 1916-ல் கப்பல் நின்றது என்று சொல். முந்தி வந்தவர்கள் பேச்சு கரும்புத் தோட்டத்துப் பேச்சாகிவிட்டது, அதனால் நம்மவர்களும் அதைப் பேசினார்கள். சாமியிடம் பேசுகிற இடத்தில் மட்டும் மாற்றவில்லை. 1926-ல் நண்டியில் தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கம் தொடங்கியதும் இதைக் காப்பாற்றத்தான்.

வரும்போது வேப்பிலை, எலுமிச்சை, வெற்றிலை எதையும் பெட்டியில் வைக்காதே. விமான நிலையத்தில் பயோசெக்யூரிட்டிக்காரர்கள் எடுத்துவிடுவார்கள், அபராதமும் உண்டு. இங்கே எல்லாம் ஏற்பாடாகிவிடும். மஞ்சள் இந்த மண்ணிலேயே விளைகிறது. தடித்த தோல் கையுறை இரண்டு ஜோடி மட்டும் வாங்கி வா.

கடைசியாக ஒன்று. எல்லாம் முடிந்து ஜனங்கள் அன்னதானத்துக்குப் போனபிறகு நீ குழியை விட்டு நகராதே. மேலே சாம்பல் ஆறியதுபோல் இருக்கும், அடியில் கங்கு விடியும்வரை உயிரோடு கிடக்கும். குழந்தைகள் மணல் என்று நினைத்து இறங்கிவிடுவார்கள். சுற்றிலும் கயிறு கட்டி, விளக்கு வைத்து, இரவு முழுக்க முறை போட்டு ஆள் இருக்க வேண்டும். உனக்கு இலைச் சாப்பாட்டை அங்கேயே கொண்டுவரச் சொல்லிவிட்டேன்.

அன்புடன்,
அப்பா