அண்ணனுக்குச் சோம்பல் இல்லை, மல்லிகா

திருநெல்வேலி

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தியின் சடங்கு நல்லபடியாக முடிந்தது. ராஜம் வந்திருந்தாள்; முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு மாடிப்படிகூட ஏறுகிறாள். மற்றதெல்லாம் அப்புறம். முதலில் அண்ணனைப் பற்றிப் பேச வேண்டும்.

"மூணு மாச சுகர் சராசரி 9.4, வாக்கிங்கையும் விட்டாச்சு, எல்லாம் சோம்பேறித்தனம்" என்று எழுதியிருக்கிறாய். அதே கடிதத்தில், விடிகாலை மூன்று மணிக்கே எழுந்து உட்கார்ந்துவிடுகிறார், பேப்பரைப் பிரிப்பதில்லை, சுகர் நோட்டில் ஆவணிக்குப் பிறகு ஒரு வரிகூட இல்லை என்றும் எழுதியிருக்கிறாய். இத்தனை வருஷம் வார்டில் நின்றவள் சொல்கிறேன், இது சோம்பல் இல்லை. மனச்சோர்வு நோய் மாதிரித்தான் தெரிகிறது. சுகர் உள்ளவர்களுக்கு அது மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு வருகிறது. வந்துவிட்டால் மாத்திரை, நடை, சாப்பாடு எல்லாம் தப்பும், சுகர் ஏறும், அந்த அசதியில் மனசு இன்னும் சுருண்டுபோகும். திட்டி இதைச் சரிசெய்ய முடியாது, மல்லிகா. வைத்தியம்தான் வேண்டும்.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் பலன் உண்டு. சென்னை, பெங்களூரு, விசாகப்பட்டினம், டெல்லி சுகர் கிளினிக்குகளில் 404 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2020ல் வந்தது. ஒரு பகுதியினரிடம், டாக்டர் அல்லாத பயிற்சி பெற்ற ஒருவர் தொடர்ந்து பேசி, மருந்தையும் மனசையும் விசாரித்தார். அவர் எழுதிய குறிப்புகளை சுகர் டாக்டரும் மனநல டாக்டரும் சேர்ந்து பார்த்தார்கள். ஒரு வருஷத்தோடு அந்தக் கவனிப்பு நின்றது. ஆனாலும் இரண்டாம் வருஷக் கடைசியில், மனச்சோர்வு பாதியாகக் குறைந்து சுகர், பிரஷர், கொழுப்பு இவற்றில் ஒன்றாவது இறங்கியவர்கள் அவர்களில் 71.6 சதவீதம், வழக்கமான வைத்தியத்தில் 57.4. பயிற்சி பெற்ற அந்த ஆளின் வேலையை வீட்டில் ஓரளவு நீ செய்யலாம்.

சுகர் டாக்டரிடம் தூக்கம், பேச்சு, பசி எல்லாவற்றையும் சொல். சுகர் மாத்திரையான மெட்பார்மினைப் பல வருஷமாகப் போடுகிறவர் என்பதால் பி12 வைட்டமினையும், கூடவே தைராய்டையும் பார்க்கச் சொல். அவை குறைந்தாலும் ஆள் இப்படித்தான் துவண்டுபோவார். மனநல டாக்டரிடம் இன்சுலின் போடுவதை மறைக்காதே. மனச்சோர்வுக்கான சில பழைய வகை மாத்திரைகள் எடையையும் சுகரையும் ஏற்றும், செர்ட்ராலின் மாதிரி சிலவற்றில் சுகர் இறங்கவும் கூடும். முதல் சில வாரம் அடிக்கடி குத்திப் பார்க்க வேண்டும். பலன் தெரிய சில வாரங்கள் ஆகும். நடுவில் தானாக நிறுத்தக் கூடாது.

எனக்குப் பெரிய பயம், ஊசி போட்டபின் அரை இட்லியோடு தட்டைத் தள்ளிவிடுகிறார் என்றாயே, அதுதான். சுகர் சட்டென்று இறங்கிவிடும். இட்லியை முன்னால் வைத்துவிட்டு ஊசி போடு. அளவை மாற்ற வேண்டுமா என்று இன்றைக்கே டாக்டருக்குப் போன் செய்.

"எதுக்கு இருக்கணும்" என்கிறாராமே. சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. ஆமாம் என்றால் தனியே விடாதே, இன்சுலினை உன் கையில் வைத்துக்கொள், உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ. அரசின் மனநல உதவி எண்ணான 14416க்கு எந்த நேரமும் போன் செய்யலாம், தமிழிலேயே பேசுவார்கள்.

ஐப்பசியில் நான் அங்கே வருகிறேன். அதற்குள் டாக்டர் எழுதிய சீட்டைப் படம் எடுத்து அனுப்பு.

உன்
சரோஜா