ரிஸ்பாள் நின்ற பாறை

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்தது. அம்மாவின் காரியங்கள் எல்லாம் முடிந்து, வந்தவர்களும் ஊர் திரும்பி, வீடு வெறிச்சென்று கிடக்கிற நேரத்தில் நீ இவ்வளவு எழுதியிருக்கிறாய். இங்கே எல்லோரும் நலம். இவருக்கு முட்டிவலிதான் விட்டபாடில்லை. சின்னவளுக்குத் தஞ்சாவூருக்கு மாற்றலாகிவிட்டது, சனி ஞாயிறு வந்து போகிறாள். மாடியில் போட்ட அவரை இந்த வருஷம் நன்றாகக் காய்க்கிறது.

நீ கேட்டதுதான் மனசில் ஓடிக்கொண்டே இருக்கிறது. படுக்கையில் கிடந்தவளை அத்தனை மாதம் புரட்டிப் போட்டு, துடைத்து, கஞ்சி ஊட்டிப் பார்த்தேன், ஒரு ஜெபமும் கேட்கப்படவில்லை, பழைய ஏற்பாட்டைத் திறந்தால் பஞ்சமும் பட்டயமும்தான் கண்ணில் படுகிறது, சங்கீதம் 136-ல் 26 வசனத்திலும் வருகிற "அவர் கிருபை என்றுமுள்ளது" என்பதை இனி எந்த வாயால் பாடுவது என்று எழுதியிருந்தாய். அந்தச் சங்கீதத்தை வைத்தே உனக்குப் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நீ சொல்கிற பஞ்சமும் சாவும் இருக்கிற இடத்துக்கே போகலாம். 2 சாமுவேல் 21. இதை எடுத்து ஒருவர் பிரசங்கித்து நான் கேட்டதே இல்லை.

தாவீது ராஜாவின் நாளில் மூன்று வருஷம் தொடர்ந்து பஞ்சம். ஏன் என்று கர்த்தரிடம் விசாரித்தால், தாவீதுக்கு முன் ராஜாவாயிருந்த சவுல் கிபியோனியரைக் கொன்றதுதான் காரணம் என்று பதில் வருகிறது. கிபியோனியர் யார்? இஸ்ரவேலர் கானானுக்குள் வந்த யோசுவா காலத்தில் பழஞ்செருப்பும் பூசணம் பூத்த அப்பமுமாக வந்து, தூரதேசத்தார் என்று பொய் சொல்லி உடன்படிக்கை வாங்கிக்கொண்டவர்கள். ஏமாற்றி வாங்கிய ஆணைதான், ஆனாலும் கொடுத்தது கொடுத்ததுதான் என்று அன்றைக்கே முடிவாகிவிட்டது. விறகு வெட்டவும் தண்ணீர் சுமக்கவும் விடப்பட்ட அந்த அந்நியருக்காக, தானே அபிஷேகம் பண்ணின ராஜாவின் குற்றத்தைக் கர்த்தர் கிளறி எடுக்கிறார். யாரும் கேட்க நாதியில்லாதவர்களின் இரத்தம் அவர் கணக்கில் இருந்திருக்கிறது. எனக்கு அவருடைய இரக்கம் இங்கேயே தெரிய ஆரம்பிக்கிறது.

அப்புறம்தான் கதை கோணலாகிறது. காரணத்தைச் சொன்ன கர்த்தர் பரிகாரம் எதையும் சொல்லவில்லை, தாவீதும் அவரிடம் கேட்கவில்லை. நேரே கிபியோனியரிடம் போய் உங்களுக்கு என்ன செய்யட்டும் என்கிறான். வெள்ளியும் பொன்னும் வேண்டாம், சவுலின் வம்சத்தில் ஏழு ஆண்களைக் கொடு என்கிறார்கள், சரி என்று கொடுத்துவிடுகிறான். சவுலின் மகன் யோனத்தானுக்கு இட்ட ஆணைக்காக அவன் மகன் மேவிபோசேத்தை மட்டும் தப்புவிக்கிறான். உன் சந்ததியை வேரறுக்கமாட்டேன் என்று சவுலுக்கே ஆணையிட்டிருந்தானே, 1 சாமுவேல் 24-ல், அதை இங்கே யாரும் எடுத்துப் பேசுவதில்லை. பிதாக்களுக்காகப் பிள்ளைகள் கொல்லப்படக் கூடாது என்ற உபாகமக் கட்டளையையும் பேசுவதில்லை. சவுலின் மறுமனையாட்டி ரிஸ்பாள் பெற்ற இரண்டு பேர், சவுலின் மகள் பெற்ற ஐந்து பேர், ஏழு பேரையும் சவுலின் ஊரான கிபியாவில் மலைமேல் தூக்கிலிட்டுவிடுகிறார்கள். (அது எருசலேமுக்குச் சற்று வடக்கே இருக்கிற தெல் எல் ஃபுல் என்ற குன்றுதான் என்று ஆராய்ச்சியாளர் பலர் சொல்கிறார்கள். ஜோர்தான் மன்னர் ஹுசைன் அங்கே ஒரு அரண்மனை கட்ட ஆரம்பித்து, 1967 போரோடு அது பாதியில் நின்றுபோனது.)

ரிஸ்பாளை இதற்குமுன் ஒரே ஒரு இடத்தில்தான் பார்க்கிறோம். சவுல் செத்தபிறகு அவளை வைத்து அவன் படைத்தலைவன் அப்னேருக்கும் அவன் மகன் இஸ்போசேத்துக்கும் சண்டை வருகிறது, அவளை ஒரு வார்த்தை கேட்பார் இல்லை. இங்கேயும் அவள் வாய் திறப்பதில்லை. துக்கத்துக்கு உடுத்துகிற இரட்டுத்துணியை எடுத்துக்கொண்டு போய்ப் பாறைமேல் விரிக்கிறாள். அறுப்பின் துவக்கத்திலிருந்து வானத்திலிருந்து மழை விழும்வரைக்கும், பகலில் பறவையும் இரவில் காட்டுமிருகமும் அந்த உடல்களைத் தொடவிடாமல் காக்கிறாள். வாற்கோதுமை அறுப்பு அந்த நாட்டில் ஏப்ரல் வாக்கில் தொடங்கும், பருவமழை அக்டோபர் வாக்கில்தான். எத்தனை நாள் என்று வேதம் சொல்லவில்லை, ஆனால் அந்த வெயிலை, அந்த நாற்றத்தை, கழுகு இறங்குகிற நேரம் பார்த்து எழுந்து எழுந்து விரட்டுவதை நினைத்துப் பார். தூக்கப்பட்டவனை அன்றைக்கே இறக்கி அடக்கம் செய்ய வேண்டும் என்பது சட்டம். கிபியோன்மேல் படையெடுத்து வந்த ஐந்து ராஜாக்களைக்கூட யோசுவா சூரியன் அஸ்தமிக்கும்போது இறக்கச் சொன்னான். இவர்களை யாரும் இறக்கவில்லை. தன் பிள்ளைகளோடு சேர்த்து மற்ற ஐந்து பேரையும் அவளே காத்தாள்.

அவள் செய்தது தாவீதின் காதுக்கு எட்டுகிறது. அதற்குப் பிறகுதான் அவனுக்கு சவுலின் எலும்பும் யோனத்தானின் எலும்பும் ஞாபகம் வருகிறது. அவை யாபேஸ் கீலேயாத்தில் இருந்தன. ஒருகாலத்தில் அந்த ஊராரின் வலது கண்களைப் பிடுங்க வந்த அம்மோனியன் நாகாசிடமிருந்து சவுல் அவர்களைக் காப்பாற்றியிருந்தான். அந்த நன்றியை மறக்காமல், பெலிஸ்தர் பெத்சான் மதிலில் மாட்டியிருந்த சவுலின் உடலை அவர்கள் ராமுழுவதும் நடந்துபோய் இறக்கிக் கொண்டுவந்தார்கள். தாவீது அந்த எலும்புகளை வாங்கிவருகிறான், தூக்கப்பட்ட ஏழு பேரின் எலும்புகளையும் சேர்க்கிறார்கள், சவுலின் தகப்பன் கீசின் கல்லறையில் அடக்கம் நடக்கிறது. அதற்குப்பின் தேவன் தேசத்துக்காகச் செய்யப்பட்ட வேண்டுதலைக் கேட்டருளினார் என்று 14-ஆம் வசனம்.

மழைதான் 10-ஆம் வசனத்திலேயே வந்துவிட்டதே, ஆகவே ஏழு பேரின் சாவுக்குக் கிடைத்த பலன் அது என்று வாதாடுகிறவர்கள் உண்டு. எனக்கு அது ஒப்பவில்லை. தேவன் இரங்கினார் என்று எழுத நினைத்திருந்தால் தூக்கிய உடனே எழுதியிருக்கலாம். எழுதியவர் அங்கே ரிஸ்பாளைத்தான் கொண்டுவந்து நிறுத்துகிறார், இரங்கினதை அடக்கத்துக்குப் பின்னால் வைக்கிறார். பலி கேட்காத தேவன் பலியைப் பார்த்து மனமிளகினார் என்று நான் நம்பமாட்டேன். ஒரு தாய் விட்டுப்போகாமல் நின்றதை அவர் பார்த்தார் என்று நம்புகிறேன்.

ரூத்தும் அவள் மாமியார் நகோமியும் பெத்லகேமுக்கு வந்து சேருவதும் இதே வாற்கோதுமை அறுப்பின் துவக்கத்தில்தான், கவனித்திருக்கிறாயா? உயிரோடிருப்பவர்களுக்கும் மரித்தவர்களுக்கும் தயை செய்கிறவர் என்று நகோமி கர்த்தரைச் சொல்லுவாள். புருஷனையும் இரண்டு மகன்களையும் புதைத்துவிட்டு, கர்த்தர் என்னை வெறுமையாய்த் திரும்பப்பண்ணினார் என்று ஊருக்கே சொன்ன அதே வாய்.

ரிஸ்பாள் காவல் காத்ததால் யாரும் உயிரோடு எழுந்து வரவில்லை. நீ கூடவே இருந்தும் அம்மா பிழைக்கவில்லை, அதை நான் மழுப்பப்போவதில்லை. ஆனால் நீ செய்ததெல்லாம் வீண் என்று எழுதியிருந்தாயே, அதை மட்டும் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. யாரும் அனுப்பாமல், ஒரு வார்த்தைகூடப் பேசாமல் ஒருத்தி செய்ததை வேதம் மறக்காமல் எழுதிவைத்திருக்கிறதே. சங்கீதம் 136 இப்போது வாயில் வரவில்லையென்றால் விட்டுவிடு. நாங்கள் பாடுகிறோம், நீ பக்கத்தில் சும்மா உட்கார்ந்திரு.

அந்த அதிகாரத்தை முதல் 14 வசனம் வரைக்கும் ஒருதரம் வாசித்துவிட்டு எழுது, நான் சொன்னது தப்பு என்று தோன்றினாலும் எழுது. பள்ளிக்கூட லீவு விட்டதும் சின்னவளையும் கூட்டிக்கொண்டு வருகிறேன், நாலு நாள் இருப்போம். அம்மாவின் புடவைகளை எடுத்து வைக்கக் கை வரவில்லை என்றாயே, நான் வந்தபிறகு சேர்ந்து பார்த்துக்கொள்ளலாம், அதுவரை பீரோவைத் திறக்க வேண்டாம்.

அன்புடன்,
உன் தோழி