நீயும் அக்காவும் போட்ட சண்டை

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். ஸ்டாக்ஹோம் போய்ச் சேர்ந்துவிட்டாய் என்று அம்மா சொன்னாள். அக்கா இன்னும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் இருக்கிறாள். கொரோனா ஊரடங்கு முடிந்து இத்தனை வருஷம் ஆகிறது, அது சரியா தவறா என்ற சண்டை நம் வீட்டில் மட்டும் தீரவில்லை. போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய், அதனால்தான் கடிதம்.

நீ சொன்னதைச் சரியாகப் புரிந்துகொண்டேனா பார். வயதானவர்களைத் தனியாகப் பத்திரப்படுத்திவிட்டு மற்றவர்களை வேலைக்கு விட்டிருக்க வேண்டும். 2020 அக்டோபரில் சுனேத்ரா குப்தா, ஜெய் பட்டாச்சார்யா முதலான ஆராய்ச்சியாளர்கள் கிரேட் பாரிங்டன் அறிக்கையில் அதைத்தான் சொன்னார்கள் என்றாய். அவ்வளவு தூரம் போவானேன்? வேலூர் சி.எம்.சி.யில் பேராசிரியராக இருந்த ஜெயபிரகாஷ் முலியில் அந்த ஏப்ரலிலேயே ஏறக்குறைய இதைச் சொல்லிவிட்டார். அக்கா விடவில்லை. லான்செட் மருத்துவ இதழில் அந்த அறிக்கைக்கு மறுப்பு வந்தது, அது நடக்காத காரியம், கதவைப் பூட்டியதால்தான் பாட்டி பிழைத்தாள் என்றாள்.

பாட்டியைத் தனியாக வைத்துப் பார்க்காமலா இருந்தோம்? நம் முத்தியால்பேட்டை வீடு உனக்குத் தெரியாததா? முன்னறை, அதைத் தாண்டி நடு அறை, அதைத் தாண்டி அடுப்படி, கடைசியில் ஒரே ஒரு கக்கூஸ். நடு அறையைப் பாட்டிக்கு ஒதுக்கினோம். யார் எதற்குப் பின்கட்டுக்குப் போனாலும் அவள் கட்டிலை உரசிக்கொண்டுதான் போக வேண்டும். அம்மா பழைய புடவை ஒன்றைக் கொடியில் போட்டுத் திரை கட்டினாள். ஆள் வரும் சத்தம் கேட்டால் பாட்டி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வதாக ஏற்பாடு. அவளா திரும்புவாள்? திரையை விலக்கிக்கொண்டு, "யாரு, வெளியே போயிட்டு வர்றியா? வெங்காயம் என்ன விலை?" என்பாள். எதிர்வீட்டில் ஒருவருக்கு வந்ததும் மாநகராட்சி ஆட்கள் தெருவில் தகரம் அடித்து அடைத்தார்கள். நடு அறையில் எங்கே தகரம் அடிப்பது?

அந்த ஜூலையில் மாநகராட்சியும் ஐ.சி.எம்.ஆர். என்ற மத்திய மருத்துவ ஆராய்ச்சி அமைப்பும் ரத்தம் எடுத்துப் பார்த்தபோது, சென்னையில் ஐந்தில் ஒருவருக்கு ஏற்கெனவே வந்து போயிருந்தது தெரிந்தது. தண்டையார்பேட்டை, ராயபுரம் பக்கம் அதைவிட அதிகம். பாட்டிக்கு வராமல் போனதில் பூட்டுக்குக் கொஞ்சம் பங்கு இருக்கலாம். மிச்சம் அதிர்ஷ்டம்தான்.

சரி, பாட்டியை விடு. இரண்டு மணி நேரம் பொருளாதாரம், முதியோர் என்று கத்தினீர்களே, கல்யாணப் பத்திரிகை அடிக்கும் நம் கடையில் பேப்பர் வெட்டிக்கொண்டிருந்த கட்டிங் மாமாவைப் பற்றி இரண்டு பேருமே வாயைத் திறக்கவில்லை.

அந்த வருஷம் சித்திரை, வைகாசி முகூர்த்தங்களுக்கு அடித்து வைத்த பத்திரிகைகள் ஆண்டர்சன் தெருக் கடையில் கட்டுக்கட்டாகக் கிடந்தன. கல்யாணத்துக்கே ஐம்பது பேர்தான் என்றால் யார் வந்து எடுத்துப்போவார்கள்? பெண் பெயரும் பிள்ளை பெயரும் போட்டதை வேறு யாருக்கும் விற்க முடியாது. பழைய பேப்பர்காரருக்குக் கிலோ கணக்கில் போயிற்று. வங்கித் தவணையை ஆகஸ்ட் வரை கட்ட வேண்டாம் என்றார்கள், வட்டி மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. ஏப்ரல் முதல் ஜூன் வரை நாட்டின் பொருளாதாரம் 23.9 சதவீதம் சரிந்தது என்று அறிவித்தபோது நம் தெருவில் யாருக்கும் ஆச்சரியமில்லை. இங்கே நூற்றுக்கு நூறு சரிந்திருந்தது.

ஜூலையில் தளர்வு வந்து ஷட்டரைத் தூக்கிய அன்று மாமா வியாசர்பாடியிலிருந்து சைக்கிளில் வந்து நின்றார். பஸ் கிடையாது. எனக்கு முதலில் ஆளே தெரியவில்லை. முகத்தில் மாஸ்க், அதற்கு மேலே கன்னங்கரேலென்று முடி. பாக்கெட் டை வாங்கி வீட்டிலேயே பூசிக்கொண்டிருக்கிறார். காதோரமெல்லாம் கறை, வியர்வையில் சட்டைக் காலருக்கும் இறங்கியிருந்தது. 65 தாண்டியவர்கள் வீட்டிலேயே இருக்க வேண்டும் என்று உத்தரவு. நரைத்த தலையைக் கண்டால் பேசின் பிரிட்ஜில் போலீஸ் திருப்பி அனுப்பும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். "ஐயா, யாராவது கேட்டா அம்பத்தெட்டுன்னு சொல்லுங்க" என்றார். அவருக்கு அப்போது 67.

மருமகன் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர், வண்டி ஓடவில்லை. மகள் ஓர் அடுக்குமாடியில் இரண்டு வீடுகளில் வேலை செய்துகொண்டிருந்தாள். வேலைக்காரர்கள் உள்ளே வரக்கூடாது என்று அங்கே சங்கத்தில் முடிவு செய்துவிட்டார்கள். காரணம் என்ன தெரியுமா, பெரியவர்கள் இருக்கும் கட்டடமாம். ஆக, அந்தக் குடும்பத்தில் சம்பாதிக்க மிஞ்சியவர் அந்தக் கிழவர் ஒருவர்தான். அவரை உன் கணக்கில் எந்தப் பக்கம் எழுதுவாய்? பத்திரப்படுத்த வேண்டிய முதியவர் என்றா, வேலைக்கு விட வேண்டிய ஆள் என்றா? பாரிமுனையில் பூ விற்கிற அம்மாக்கள், ஏ.டி.எம். வாசலில் உட்கார்ந்திருக்கும் வாட்ச்மேன்கள், இட்லிக்கடை ஆயாக்கள், இவர்களில் எத்தனை பேர் அறுபதைத் தாண்டியவர்கள் என்று நின்று பார்த்திருக்கிறாயா? முதியவர் என்றால் ஈஸி சேர், பொருளாதாரம் என்றால் கம்ப்யூட்டர் என்றுதான் நீங்கள் இரண்டு பேரும் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

உங்கள் ஸ்வீடனில் ஏறத்தாழ பாதி வீடுகளில் ஒற்றை ஆள்தான் இருக்கிறார். முதியவர்களைத் தனியாக வைக்க அதைவிட வசதியான நாடு ஏது? அப்படியும் முதியோர் இல்லங்களில் கொத்துக்கொத்தாகச் செத்தார்கள். அரசே போட்ட விசாரணைக் குழு 2020 டிசம்பரில் முதியோரைக் காப்பதில் தோற்றோம் என்று எழுதியது, ராஜாவும் அதையே வாய்விட்டுச் சொன்னார். மூன்று வருஷத்தையும் சேர்த்துப் பார்த்தால் வழக்கத்துக்கு மேற்பட்ட சாவு ஐரோப்பாவிலேயே குறைவான நாடுகளில் அதுவும் ஒன்று என்று நீ காட்டினாய், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பேச்சோடு பேச்சாக இன்னொன்றும் சொன்னாய். உடம்பு சரியில்லை என்று வீட்டில் இருந்தால் முதல் நாளிலிருந்தே பணம் கிடைக்கும்படி அரசு செய்தது என்று. அதுதான் விஷயம், அதை ஏனோ நீ உப்புச்சப்பில்லாமல் சொல்லிவிட்டுப் போய்விட்டாய். மாமாவுக்கு இருமல் வந்தால் யார் கொடுப்பார்கள்? நான்தான். அரைச் சம்பளம் கொடுத்துப் பார்த்தேன், அதற்கும் கைப்பணம் கொஞ்ச நாள்தான் தாங்கியது.

அக்காவுக்கும் ஒரு கேள்வி உண்டு. மூடினால் காப்பாற்றியதாகிவிடும் என்கிறாளே, கோயம்பேட்டை மறந்துவிட்டாளா? 2020 ஏப்ரல் 26 முதல் நான்கு நாள் சென்னையை முழுக்க மூடுகிறோம் என்று 24ஆம் தேதி அறிவித்தார்கள். மறுநாள் காய்கறி வாங்க ஊரே அங்கே போய் நெருக்கியடித்துக்கொண்டு நின்றது. மே 5ஆம் தேதி சந்தையையே மூடித் திருமழிசைக்கு மாற்றும்படி ஆயிற்று. அதற்குள் கடலூர், அரியலூர், விழுப்புரம் வரை நோய் போய்விட்டது. மார்ச் 24 ராத்திரி எட்டு மணிக்குச் சொல்லிப் பன்னிரண்டு மணிக்கு நாட்டையே மூடியதும் இதே ரகம்தான். அப்புறம், சென்னையில் டாஸ்மாக் ஆகஸ்ட் 18 திறந்தது, பெரிய கோயில்கள் செப்டம்பர் 1. பாட்டி இதை இன்னும் சொல்லிக்காட்டாத நாள் இல்லை.

முதல் மூன்று வாரம் மூடியதை நான் குறை சொல்லமாட்டேன். என்ன நோய் என்றே பிடிபடாத நேரம். அதற்குப் பிறகு மூடிய ஒவ்வொரு நாளுக்கும் யார் கையிலிருந்து பணம் போனது என்பதைத்தான் நீங்கள் பேசியிருக்க வேண்டும். ரேஷன் கார்டுக்கு ஏப்ரலில் 1000 ரூபாய், ஜூன் 19 முதல் சென்னையை மறுபடி மூடியபோது இன்னொரு 1000. அம்மா உணவகத்தில் இலவசமாகச் சாப்பாடு போட்டார்கள், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் வாடகையை இட்லியாகவா கட்டுவது? மாதச் சம்பளத்தில் முக்கால்வாசி வீடு தேடி வந்திருந்தால் மாமா தலைக்குச் சாயம் பூசிக்கொண்டு ஓடிவந்திருக்கமாட்டார்.

2021 மே மாதம் மூடியபோது கார்டுக்கு 4000, இரண்டு தவணையாக. அது எவ்வளவோ தேவலை. அதற்கு முன்பே, மார்ச் 1 முதல், அறுபதைத் தாண்டியவர்களுக்குத் தடுப்பூசி போட ஆரம்பித்தார்கள். பாட்டியையும் மாமாவையும் ஒரே ஆட்டோவில் கூட்டிப்போய்ப் போட்டுக்கொண்டு வந்தேன். முதியவர்களுக்கு என்று தனியாகச் செய்ததில் உருப்படியான காரியம் அதுதான் என்பேன்.

அக்காவுக்கு ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு. சமாதானம் பேசச் சொல்லவில்லை. முதியோர் இல்லத்துச் சாவுகளைப் பற்றி அவள் கேட்பாள், பதிலைத் தயாராக வைத்துக்கொள். நீ அவளை அந்த 1000 ரூபாயைப் பற்றிக் கேள். மாமா இப்போது வேலைக்கு வருவதில்லை, கண் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. ஊருக்கு வந்தும் எட்டிப்பார்க்காமல் போய்விட்டாய் என்று அவருக்கு வருத்தம். நம்பரை அம்மா அனுப்புவாள், அவரிடமும் ஒரு வார்த்தை பேசு. ஊரடங்கைப் பற்றி அவருக்கும் ஓர் அபிப்பிராயம் உண்டு, உங்கள் இரண்டு பேருக்குமே அது பிடிக்காது.

அன்புடன்,
அப்பா