பையின் அடியில் கிடந்த படிவம்

அன்பு மகளுக்கு,

போன வாரம் வீடியோவில் பேசும்போது கேட்டாயே, "சிங்கப்பூரில் ஏழைப் பிள்ளைகளுக்கு எல்லாம்தான் கிடைக்கிறதே, சனிக்கிழமையானால் நீங்கள் எதற்கு யீஷூன்வரை போய் ஒரு பையனுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறீர்கள்?" என்று. அம்மா குறுக்கே வந்து உன் சாப்பாட்டைப் பற்றி ஆரம்பித்துவிட்டாள், பதில் சொல்ல முடியவில்லை.

நீ கேட்டதில் பாதி சரிதான். 2003 முதல் தொடக்கப்பள்ளிக் கல்வி இங்கே கட்டாயம். குடிமக்கள் பிள்ளைகளுக்குத் தொடக்கப்பள்ளியில் பள்ளிக் கட்டணமும் கிடையாது. வருமானம் குறைந்த வீடு என்றால் புத்தகம், சீருடை, இடைவேளைச் சாப்பாடுவரை கல்வி அமைச்சின் நிதியுதவியில் வந்துவிடும். நம் இந்தியப் பிள்ளைகளின் படிப்புக்கு உதவ 1991இல் தொடங்கிய சிண்டா அமைப்பு வேறு இருக்கிறது. மாதாமாதம் என் சம்பளத்தில் அதற்குப் பிடித்தார்கள். லண்டன் போகுமுன் உன் சம்பளத்திலும் பிடித்திருப்பார்கள்.

சரி, இப்போது நான் சொல்லிக்கொடுக்கும் பையனுக்கு வருகிறேன். தொடக்கநிலை 4. ஓரறை வாடகை வீடு. அம்மா, பாட்டி, ஒரு தங்கை. அம்மாவுக்கு இரவு ஷிஃப்ட், துப்புரவு வேலை. அவள் வந்து சேரும் நேரத்தில் இவன் பள்ளிக்குக் கிளம்பிவிடுவான். வீட்டில் மேசை போட இடமில்லை. மெத்தையைத் தூக்கிச் சுவரோடு சாய்த்தால்தான் தரையில் உட்கார்ந்து எழுதலாம். பாட்டிக்கு முதுகுவலி வந்து படுத்துவிட்டால் அன்றைக்கு வீட்டுப்பாடம் அவ்வளவுதான். மறுநாள் ஆசிரியர் கேட்டால் "மறந்துட்டேன்" என்பானாம். உண்மையைச் சொல்லக் கூச்சம். பொறுப்பில்லாத பையன் என்று பெயர் வாங்கிக்கொள்வது அவனுக்குச் சுலபமாக இருக்கிறது.

ஒரு நாள் பென்சில் தேடி அவன் பையைக் கொட்டினோம். அடியில் கசங்கிய தாள்கள். அதில் ஒன்று அடுத்த ஆண்டு நிதியுதவிக்கான விண்ணப்பம். இந்த உதவிக்கு ஆண்டுதோறும் விண்ணப்பிக்க வேண்டும், வருமானச் சான்று இணைக்க வேண்டும். அவன் அம்மா ஆங்கிலம் நன்றாகவே பேசுகிறாள், ஆனால் படிவம் என்றால் பயம். கோப்பிக்கடையில் உட்கார்ந்து இருவருமாக நிரப்பினோம். கோப்பி ஆறுவதற்குள் முடிந்த வேலை, இத்தனை நாளாகப் பையில் கிடந்திருக்கிறது.

2020 ஏப்ரலில் வீட்டிலிருந்தே படிக்கச் சொன்னார்கள் இல்லையா, அப்போதும் இப்படித்தான். மடிக்கணினி இல்லாத பிள்ளைகளுக்குப் பள்ளிகள் இரவல் கொடுத்தன, பாராட்ட வேண்டியதுதான். ஆனால் ஒரே அறையில் மூன்று பிள்ளைகள் மூன்று வகுப்பைக் கேட்டால் என்ன காதில் விழும்?

அப்புறம் டியூஷன். 2023 கணக்குப்படி சிங்கப்பூர்க் குடும்பங்கள் ஓர் ஆண்டில் அதற்குச் செலவழிப்பது ஏறக்குறைய 180 கோடி சிங்கப்பூர் வெள்ளி (டாலர்). நாமும் கொட்டியவர்கள்தான், உன் உயர்நிலை கணக்கு டியூஷனை மறக்க முடியுமா! தொடக்கப்பள்ளி முடிவில் வரும் பிஎஸ்எல்இ தேர்வில் இவனும் டியூஷன் போகும் பிள்ளைகளும் அதே தாளைத்தான் எழுத வேண்டும்.

போன சனிக்கிழமை ஒரு பின்னக் கணக்கு. ஒருவர் தன் பணத்தில் மூன்றில் ஒரு பங்கைச் செலவழித்தார், மீதியில் நான்கில் ஒரு பங்கைத் தம்பிக்குக் கொடுத்தார். இவன் எல்லாப் பிள்ளைகளையும் போல முழுப் பணத்தில் நான்கில் ஒரு பங்கை எடுத்தான். கட்டம் வரையச் சொல்லி, செலவான பங்கைக் கையால் மறைத்தேன். வெகுநேரம் முறைத்துப் பார்த்துவிட்டு, "அங்கிள், இப்ப மிச்சம்தான் முழுசா?" என்றான். அதற்குப் பிறகு நான்கு கணக்கை அவனே போட்டான், என்னைப் பேசவே விடவில்லை. துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய நான் சொல்லிக்கொடுத்தே இது நடக்கிறது. வகுப்பில் முப்பது, நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஆசிரியர் ஒவ்வொருவருக்கும் கட்டத்தை மறைத்துக் காட்டிக்கொண்டிருக்க முடியாது. வீட்டில் யாராவது செய்ய வேண்டும், இவன் வீட்டில் செய்யக்கூடியவள் அந்த நேரத்தில் தூங்கியாக வேண்டும்.

பணம் அனுப்புகிறேன் என்றாய். அனுப்பு, நேராகச் சிண்டாவுக்கே அனுப்பு. உன்னிடம் எனக்கு வேறொன்று வேண்டும். அவன் தங்கை தொடக்கநிலை 2, ஆங்கிலம் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கிறாள். என் உச்சரிப்பைக் கேட்டால் அவளுக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. சனிக்கிழமை இங்கே மாலை 5 மணி என்றால் உனக்குக் கோடையில் காலை 10, குளிர்காலத்தில் 9. அரை மணி நேரம் அவள் வாசிக்க நீ கேட்டுக்கொண்டிரு, தடுக்கினால் எடுத்துக்கொடு. அவள் அம்மாவிடம் பேசிவிட்டேன், சரி என்றாள். ஒரு வாரம் கூப்பிட்டுவிட்டு மறு வாரம் மறந்துபோவதாக இருந்தால் மட்டும் வேண்டாம், அந்தப் பிள்ளை காத்துக்கொண்டிருக்கும்.

இந்த சனிக்கிழமையே தொடங்கலாமா என்று வாட்ஸ்அப்பில் சொல்.

அன்புடன்,
அப்பா