ஒரு லங்காஸ்டரின் வால்பக்கம்

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்தது பெரிய நிம்மதி. இங்கே எல்லோரும் சுகம்.

போன சனிக்கிழமை ஹமில்டன் விமான அருங்காட்சியகத்துக்குப் போனேன், அன்றிலிருந்து மனம் அங்கேயே நிற்கிறது. அங்கே ஒரு லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானம் இருக்கிறது. இன்றைக்கும் பறக்கிற லங்காஸ்டர்கள் உலகத்தில் இரண்டுதான், மற்றது இங்கிலாந்தில். இரண்டாம் உலகப் போரில் கனடா விமானப்படையில் துப்பாக்கி வீரராக இருந்த ஆண்ட்ரூ மைனார்ஸ்கி போன விமானத்தின் எழுத்துகளையே இதற்கும் தீட்டியிருக்கிறார்கள்.

அவர் வின்னிபெக்காரர், போலந்திலிருந்து வந்து குடியேறியவர்களின் பிள்ளை. சின்ன வயதிலேயே தகப்பன் போய்விட, தோல் வேலை செய்து குடும்பத்துக்கு உதவியவர். 1941இல் விமானப்படையில் சேர்ந்தார். 1944 ஜூன் 12 இரவு, நார்மண்டியில் படைகள் இறங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை, பிரான்சில் கம்ப்ரே ரயில் தளத்தைத் தாக்கப் புறப்பட்டார்கள். ஜெர்மன் விமானம் சுட்டதில் இடப்பக்க எஞ்சின்கள் இரண்டும் போய், உள்ளே தீப்பிடித்துவிட்டது. எல்லோரையும் குதிக்கச் சொன்னார் விமானி. மைனார்ஸ்கி விமானத்தின் முதுகில் இருக்கிற துப்பாக்கிக் கூண்டிலிருந்து இறங்கிக் கதவடிக்கு வந்துவிட்டார். அப்போதுதான் கவனித்தார், வால்பக்கத் துப்பாக்கிக் கூண்டில் இருந்த பாட் பிரோஃபி வெளியே வர முடியாமல் மாட்டிக்கொண்டிருந்தார்.

குதித்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள், மச்சான். அவர் எரிகிற எண்ணெய்க்குள்ளே தவழ்ந்து போய், கோடரியால் நெம்பிப் பார்த்து, கடைசியில் வெறுங்கையால் இழுத்திருக்கிறார், இடுப்புக்குக் கீழே உடுப்பு பற்றி எரிந்துகொண்டிருக்க. பிரோஃபிதான் 'போ, போ' என்று கையைக் காட்டினார். முதுகைத் திருப்பாமலே பின்னோக்கித் தவழ்ந்து போய், கதவடியில் நிமிர்ந்து நின்று சல்யூட் அடித்துவிட்டுக் குதித்தார். பாராசூட்டும் எரிந்தது. உயிரோடு தரைக்கு வந்தும் தீக்காயத்தால் இறந்துவிட்டார். வயது 27.

விமானம் விழுந்தபோது வால்கூண்டு தனியாகத் தெறித்து, பிரோஃபி பிழைத்துக்கொண்டார்! கடைசியில் அந்த ஏழு பேரில் இறந்தது மைனார்ஸ்கி மட்டும்தான். உள்ளே நடந்ததைப் பார்த்த ஒரே ஆள் பிரோஃபி. அவர் சொன்னதால்தான் 1946இல் மைனார்ஸ்கிக்கு விக்டோரியா சிலுவை, வீரத்துக்கான பிரிட்டனின் மிக உயர்ந்த பதக்கம், கொடுத்தார்கள். அவரும் போயிருந்தால் மைனார்ஸ்கி வெறும் எண்ணிக்கைதான். பிரிட்டிஷ் விமானப்படையின் குண்டுவீச்சுப் பிரிவில் (Bomber Command) அந்தப் போரில் இறந்தவர்கள் 55,000க்கு மேல். அவர்களில் இன்னும் எத்தனை பேர் இப்படி யாருக்காகவோ திரும்பிப் போனார்களோ, பார்த்துச் சொல்ல ஒருவரும் மிஞ்சவில்லை.

வால்பக்கம் கொஞ்ச நேரம் நின்றேன். அவ்வளவு சின்னக் கூண்டு அது, நீயோ நானோ காலை மடக்கி உட்காரவே கஷ்டம். கோடையில் நீ வந்தால் கூட்டிக்கொண்டு போகிறேன், டிக்கெட் போட்டதும் எழுது.

அன்புடன்,
உன் மச்சான்