நீ கேட்ட ஹெட்போன் விஷயம்

அன்புள்ள மாப்பிள்ளை,

இங்கே எல்லாரும் நலம். "எந்த ஹெட்போன் வாங்கலாம், ஒரு வார்த்தையில் சொல்" என்று நீ எழுதி இரண்டு மாதம் ஆகிவிட்டது. பதில் போடாமல் இருந்ததற்குக் கோபித்துக்கொள்ளாதே. ஒரு வார்த்தையில் அது அடங்காது. நடுவில் எனக்கே ஒன்று நடந்துவிட்டது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

இடது காதில் இரைச்சல். வீடு அடங்கிய பிறகு 'ஙொய்ங்' என்று ஒரு மெல்லிய சத்தம், விடாமல். தானாகப் போய்விடும் என்று இருந்தேன். பத்து நாளாகியும் போகவில்லை, காது டாக்டரிடம் போனேன். ஒரு சின்ன அறையில் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். கீழ்ச்சுருதிக்கெல்லாம் டக் டக்கென்று அழுத்தினேன். அப்புறம் வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. பரிசோதனை முடிந்துவிட்டது என்று நிமிர்ந்து பார்த்தால், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அந்தப் பெண் இன்னும் குமிழைத் திருப்பிக்கொண்டிருந்தார். சத்தம் வந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. எனக்குத்தான் கேட்கவில்லை.

பரிசோதனைத் தாளில் கோடு நேராகப் போய், 4000 ஹெர்ட்ஸ் என்கிற உயர்ந்த சுருதியில் பொத்தென்று பள்ளத்தில் விழுந்து, திரும்ப ஏறியிருந்தது. சத்தத்தால் அடிபட்ட காதில் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் பள்ளம் விழுமாம். போனது திரும்பாது, மிச்சத்தைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்றார் டாக்டர்.

எப்படி வந்தது என்று யோசித்துப் பார்த்தேன். நாலு வருஷம் பேருந்தில் போகவர இரண்டு வேளையும் காதுக்குள் பட்ஸ். எஞ்சின் சத்தத்தை அமுக்குவதற்காக வால்யூமை ஏற்றி ஏற்றிக் கடைசியில் முழுசாக வைத்துக் கேட்டிருக்கிறேன். சத்தத்தின் அளவு 80 டெசிபெல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை பரவாயில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதுவே 90 ஆனால் 4 மணி நேரம்தான். நான் அதை இரண்டே நாளில் தீர்த்திருப்பேன்.

அதனால்தான் உன் கேள்விக்கு என் பதிலே மாறிவிட்டது. முன்பு கேட்டிருந்தால் பாஸ், ட்ரெபிள் என்று கீழ்ச்சுருதி, மேல்சுருதி பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருப்பேன். இப்போது நான் பார்ப்பது ஒன்றுதான்: எதைப் போட்டால் வால்யூமைப் பாதியில் வைத்துவிட்டு மணிக்கணக்கில் இருக்க முடிகிறது?

அதற்கு நாய்ஸ் கேன்சலிங் வேண்டும். வெளிச்சத்தத்தை மைக் பிடித்து, அதற்கு நேர் எதிரான அலையை உள்ளே விட்டு அடக்குகிற வித்தை. 1978இல் ஒரு விமானப் பயணத்தில், எஞ்சின் இரைச்சலில் பாட்டே கேட்கவில்லை என்று, போஸ் ஆடியோ நிறுவனத்தை ஆரம்பித்த அமர் போஸ் அங்கேயே உட்கார்ந்து கணக்குப் போட ஆரம்பித்தாராம். 1989இல் அது விமானிகளுக்கான ஹெட்செட்டாக விற்பனைக்கு வந்தது. எஞ்சின், ஏசி, மின்விசிறி மாதிரி ஒரே சீராக ஓடுகிற சத்தத்தை இது பெருமளவு விழுங்கிவிடும். பக்கத்து சீட்டுக்காரர் பேசுவதை முழுசாக விழுங்காது, அதை எதிர்பார்த்து வாங்காதே.

ஆனால் மெத்தை காதைச் சுற்றிச் சரியாக ஒட்டவில்லை என்றால் எந்த வித்தையும் பலிக்காது. நீயும் நானும் கண்ணாடிக்காரர்கள். கண்ணாடிக் காம்பு நுழைகிற இடத்தில் ஒரு சந்து விழுகிறது பார், அது வழியாக வெளிச்சத்தம் உள்ளே வரும், பாஸ் வெளியே ஓடிவிடும். நம் ஹாஸ்டல் நண்பன் 'ஒட்டகத்தின்' ஹெட்போனை ஒரு வாரம் இரவல் வாங்கிப் போட்டேன். மெத்தை கல் மாதிரி இருந்தது. ஒரு மணி நேரத்தில் காம்பு நெற்றிப்பொட்டில் அழுந்தி, கழற்றி எறியலாம் போல ஆகிவிட்டது. இப்போது வைத்திருப்பதில் மெத்தையை விரலால் அமுக்கினால் மெதுவாகத்தான் எழும்பும். அந்த மாதிரிதான் காம்பைச் சுற்றி அணைத்துக்கொள்கிறது. காது மடல் உள்ளே எதிலும் உரசக் கூடாது. உரசினால் அரை மணியில் எரியும்.

எடையையும் பார். சோனி எக்ஸ்எம்5 சுமார் 250 கிராம், சென்ஹைசர் மொமென்டம் 4 சுமார் 293, ஏர்பாட்ஸ் மேக்ஸ் 385ஐத் தொடுகிறது. பத்து நிமிஷம் போட்டுப் பார்த்தால் எல்லாம் ஒன்று போலத்தான் இருக்கும். மூன்றாவது மணி நேரத்தில் கழுத்து சொல்லும். கடையில் கண்ணாடியோடு போட்டு அரை மணி நேரம் உட்கார், வெட்கப்படாதே.

சவுண்டைப் பற்றி நீ நிறையக் கேட்டிருந்தாய். இந்த வகையில் பெரும்பாலும் எல்லாமே நன்றாகத்தான் பாடுகின்றன. பாஸ் தூக்கலாக இருந்தால் ஆப்பில் குறைத்துக்கொள்ளலாம். எல்டேக் (புளூடூத்தில் பாட்டைக் கூடுதல் தரத்தில் அனுப்புகிற முறை) என்று பெட்டியில் போட்டிருப்பதைப் பார்த்து மயங்காதே, உன் ஐபோனில் அது வராது, ஏஏசி என்கிற வேறு முறைதான்.

தினப்படிக்கு முக்கியமான வேறு சில இருக்கின்றன. லேப்டாப்பிலும் போனிலும் ஒரே நேரத்தில் இணைந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் நாள் முழுக்க இணைப்பதும் துண்டிப்பதுமாகப் போகும். பட்டன் இருந்தால் நல்லது. தொடு தகடு என்றால் தலைமுடியை ஒதுக்கினாலே பாட்டு நிற்கும். மடங்குகிறதா என்று பார். சோனி எக்ஸ்எம்4 மடங்கும், எக்ஸ்எம்5 மடங்காது, எக்ஸ்எம்6இல் திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள். சார்ஜ் பற்றிக் கவலைப்படாதே. 30 மணி நேரம் போதும், மொமென்டம் 4 அறுபது நிற்கும். மெத்தை மாற்றக் கிடைக்குமா என்பதை மட்டும் கேட்டுக்கொள். என் முந்தைய ஹெட்போனில் வியர்வை பட்டுத் தோல் உரிந்து, கறுப்புத் துணுக்கு கன்னமெல்லாம் ஒட்டியது. மாற்று மெத்தை எங்கும் கிடைக்காமல் நல்ல ஹெட்போனைத் தூக்கிப்போட்டேன். இன்னும் மனசு ஆறவில்லை.

மீட்டிங்கில் சவுண்ட் திடீரென்று பழைய டெலிபோன் மாதிரி ஆகிவிடுகிறது என்று எழுதியிருந்தாயே, அது ஹெட்போனின் குற்றமில்லை. அதன் மைக்கை எடுத்துக்கொண்டால் புளூடூத் பேச்சுக்கான தடத்துக்கு மாறிவிடும், தரம் இறங்கிவிடும். மைக்காக லேப்டாப்பையே தேர்ந்தெடு, ஹெட்போனைக் கேட்பதற்கு மட்டும் வை. சரியாகிவிடும்.

மாப்பிள்ளை, இதையெல்லாம் விட எனக்கு உன் காதைப் பற்றித்தான் பயம். ஹாஸ்டலில் வார்டன் கதவைத் தட்டின அன்றைக்கு நீ எவ்வளவு சத்தமாக வைத்திருந்தாய் என்று எனக்குத் தெரியும். அந்தப் பழக்கம் உன்னை விட்டுப் போயிருக்காது. போன தடவை போனில் பேசும்போது மூன்று முறை "என்ன?" என்றாய். லைன் சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன். இப்போது அப்படித் தோன்றவில்லை.

ஹெட்போன் அடுத்த மாதம் வாங்கிக்கொள்ளலாம். இந்த வாரமே போய்க் காதைப் பரிசோதித்துவிட்டு, 4000க்கு நேரே கோடு எங்கே இருக்கிறது என்று மட்டும் எழுது. பெரியவளையும் கூட்டிக்கொண்டு போ. அவளும் எந்நேரமும் பட்ஸும் கையுமாகத்தான் இருக்கிறாள் என்று நீதான் எழுதியிருந்தாய்.

அன்புடன்,
உன் மேல்கட்டில்காரன்