ரமேஷ் கிருஷ்ணன்: சர்வை மட்டும் பார்த்தால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு இணைப்பில் டென்னிஸ் வீரர் ரமேஷ் கிருஷ்ணனைப் பற்றி வந்த கட்டுரையில் முதலில் ஒரு திருத்தம். நாடுகள் அணியாக மோதும் டேவிஸ் கோப்பையின் 1987 இறுதிப் போட்டி, நீங்கள் எழுதியதுபோல் சிட்னியில் நடக்கவில்லை. அங்கே நடந்தது ஆஸ்திரேலியாவுடன் அரையிறுதி, புல்தரை. 2-2 என்று நின்றபோது கடைசி ஆட்டத்தில் அவர்களின் வாலி மசூரை, ஒரு செட்டும் இழக்காமல், நேர் செட்களில் வென்றவர் ரமேஷ். இறுதிப் போட்டி டிசம்பரில், ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரில், உள்ளரங்கில் போட்ட களிமண் தரையில். 5-0 என்று தோற்றோம்.

ஊர்ப்பெயர்தானே என்று விட முடியவில்லை. தரையை விட்டுவிட்டால் அவர் ஆட்டமே புரியாது. புல்லில் பந்து தாழ்வாக வழுக்கி வரும். ரமேஷ் பின்னுக்கு நகராமல், மட்டையைப் பெரிதாக இழுக்காமல், பந்து எழும்பும்போதே தட்டையாகத் திருப்பிவிடுவார். எதிராளியின் வேகம்தான் அவருக்கு முதலீடு. களிமண்ணில் அந்த வேகம் செத்துப்போகும். பந்து தோளுக்கு எழும்பும். எதிராளி ஓடி எடுக்க நேரமும் கிடைத்துவிடும். கோத்தன்பர்க்கில் ஸ்வீடனின் மாட்ஸ் வில்லாண்டரிடம் தோற்றவர், 1989 ஜனவரியில் ஆஸ்திரேலிய ஓப்பனில், மெல்போர்ன் கடினத் தரையில் அதே வில்லாண்டரை, அவர் உலகின் முதல்நிலை வீரராகவும் நடப்புச் சாம்பியனாகவும் இருந்தபோதே, இரண்டாவது சுற்றில் நேர் செட்களில் வீட்டுக்கு அனுப்பினார்.

'சர்வ் மட்டும் பலமாக இருந்திருந்தால்' என்று, புள்ளியைத் தொடங்கிவைக்கும் அந்த முதல் அடியை வைத்துக் கட்டுரை அங்கலாய்க்கிறது. சர்வ் மெதுதான், மறுப்பதற்கில்லை. அதை வைத்துக்கொண்டுதான் 1985-இல் தரவரிசையில் 23-ஆம் இடம். விம்பிள்டனில் ஒரு காலிறுதி (1986), அமெரிக்க ஓப்பனில் இரண்டு (1981, 1987).

பந்து எழும்பும்போதே திருப்பும் அந்த ஆட்டத்தை நம் மதுரைப் பிள்ளைகள் கற்க முடியுமா என்றால், இப்போதைய கோடை முகாம் முறையில் முடியாது. எட்டு வயதுப் பிள்ளையை முழு கோர்ட்டின் பேஸ்லைனுக்கு, அதாவது கடைசிக் கோட்டுக்கு, இரண்டு மீட்டர் பின்னால் நிறுத்தி, பெரியவர்களின் பந்தைப் போடுகிறார்கள். சிமெண்ட் தரையில் அது தலைக்கு மேல் எழும்பும். சித்திரை வெயிலில் பந்துக்குள் காற்றழுத்தம் கூடி இன்னும் எழும்பும். பிள்ளை வேலி வரைக்கும் பின்வாங்கப் பழகிவிடும். அந்த வயதுக்கு உரியது தாழ்வாக எழும்பும் ஆரஞ்சுப் பந்து, 18 மீட்டர் நீளக் கோர்ட், 80 சென்டிமீட்டர் உயர நெட். சாக்பீஸில் கோடு போட்டாலே போதும்.

பிறகு பிள்ளையை, முதுகு சுவர்ப்பக்கம் இருக்க, சுவருக்கு ஒரு முழம் முன்னால் நிறுத்தி, நான்கைந்து மீட்டர் தள்ளி நின்று கையால் பந்தைப் போட்டுக் கொடுக்கலாம். மட்டையை அதிகம் இழுத்தால் சுவரில் இடிக்கும். வாயால் சொல்லாமலே இழுப்பு குறைந்துவிடும். மடங்க வேண்டியது முழங்கால். இடுப்பை வளைத்துக் குனிந்தால் மட்டை வானம் பார்க்கும், பந்து கோட்டைத் தாண்டிப் பறக்கும். இதில் தேறிய பிறகு பேஸ்லைனுக்கு ஒரு அடி உள்ளே நிறுத்தி ஆடவிடலாம்.

பெரிய பிள்ளைகளுக்குப் போடும் மஞ்சள் பந்தில் உயிர் இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். பெரியவர் தலை உயரத்திலிருந்து சிமெண்டில் விட்டால் இடுப்பு வரை எழும்ப வேண்டும். தொடையோடு நின்றுவிட்டால் டப்பா திறந்து நாளாகிவிட்டது என்று அர்த்தம். அதில் எழும்பும் பந்தை அடிக்கக் கற்பது வீண். மட்டைக்குக் கட் (நரம்பு) போடும் கடையில், டிவியில் பார்த்த வீரரின் கணக்கில் 55 பவுண்டு இழுவிசையில் பாலியெஸ்டர் கேட்காதீர்கள். பிள்ளைகளின் முழங்கை போய்விடும். சிந்தெடிக் கட், 45 முதல் 50 பவுண்டுக்குள் இருந்தால் பந்து மட்டையில் ஒரு நொடி நின்று போவதுபோல் கைக்குத் தெரியும்.

அடுத்த வாரம் தந்தை ராமநாதன் கிருஷ்ணனைப் பற்றி என்று அறிவித்திருக்கிறீர்கள். 1966 டேவிஸ் கோப்பையில் பிரேசிலின் தாமஸ் காக் என்பவரை அவர் ஐந்து செட்களில் வென்றது கல்கத்தாவில். ஆஸ்திரேலியாவுடன் இறுதிச் சுற்று ஆடியது மெல்போர்னில். மறுபடி ஊரை மாற்றிப் போட்டுவிடாதீர்கள்.

ஒரு வாசகர்,
கே.கே. நகர், மதுரை.